பெட்டி வரலாம், நீங்கள் வரக்கூடாது

தல்லோபஜார்
அசார் 4

மதிப்புக்குரிய மன்சரா புடா அவர்களுக்கு,

வணக்கம்.

1. கோவேறு கழுதைக்காரர் தன்பீரே வசம் வைட்டமின் குப்பிகள், பஞ்சு, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் அனுப்பியுள்ளேன். சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.

2. இடி விழுந்த கைப்பேசிக் கோபுரம் மழை ஓயும்வரை சரியாகாது என்கிறார்கள். அதுவரை நமக்குள் கடிதம்தான்.

3. நம் சுகாதாரத் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இதற்கு முன் என்ன தொழில் செய்தார்கள் என்று நாலு வரி கேட்டிருக்கிறது காட்மாண்டு தலைமை அலுவலகம். பணம் தரும் வெளிநாட்டார் படிப்பதற்காம். தலைவி கேத்லைன் அம்மையார் ஹாலந்தில் வங்கியில் இருந்தவர் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. டாக்டர் அனில் ஜோஷி தன் பதக்கங்களோடு ஒரு பக்கம் கொடுத்துவிட்டார். ஜீப் ஓட்டுநர் ஆப்பிள் லாரி ஓட்டியவராம். மாவட்டத்தில் உங்கள் வரிகள் மட்டும்தான் பாக்கி.

நான் இந்த வேலைக்கு வந்தது மூன்று மாதம் முன்பு, சைத்தில். நாம் இன்னும் சந்திக்கவில்லை. மழை நின்றதும் லேக்காடாவுக்கு வருவேன்.

தீர்க்கராஜ் பஸ்நேத்
சரக்கு ஒருங்கிணைப்பாளர்


லேக்காடா
அசார் 9

பஸ்நேத் அவர்களுக்கு,

1. பஞ்சு நனைந்து வந்தது. மற்றது சரி.

2. மேல்வாடியில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். கண் சிவந்து நீர் வடிகிறது, காதுக்குப் பின்னால் தொடங்கி உடம்பெல்லாம் தடிப்பு. தட்டம்மைதான். எனக்குச் சந்தேகமில்லை. சண்டை நடந்த வருஷங்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் பாதிப்பேருக்கு ஒரு ஊசியும் போட்டதில்லை. யார் வந்து போட்டார்கள்? தடுப்பூசியும் ஊசி போடும் ஆளும் உடனே வேண்டும். உடனே என்றால் மழை நின்றதும் அல்ல.

3. என் முந்தைய தொழில் ஆடு மேய்ப்பது என்று போட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய தொழிலும் ஏறக்குறைய அதுதான். "ஊர்த் தொண்டர்" என்று பதவி கொடுத்திருக்கிறீர்கள். தாய்மாரை ஒன்று கூட்டுவது என் வேலை, ஊசியைத் தொடாமல் இருப்பதும் என் வேலை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு பிம்கலி அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "யாருடி இவன்? பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு எழுதறான்?" எனக்கும் அதே கேள்விதான். இந்த மலையில் இப்படி எழுதுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று துப்பாக்கி தூக்கிய கட்சி, இன்னொன்று அரசுப் பட்டாளம். நீங்கள் எது?

மன்சரா


தல்லோபஜார்
அசார் 12

மன்சரா அவர்களுக்கு,

பட்டாளம். இருபத்திரண்டு வருடம். மேஜராக ஓய்வு பெற்றேன்.

நான் கொடுத்த நாலு வரியில் "சரக்கு நிர்வாகம்" என்றுதான் இருக்கிறது. அப்படி எழுதச் சொன்னது தலைமை அலுவலகம். இந்த மலையில் அதுதான் நல்லது என்றார்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் கடிதத்திலும் பத்திகளுக்கு எண் இருக்கிறது. கவனித்தீர்களா?

தடுப்பூசி நாளை ஜீப்பில் வருகிறது. அதற்கு மேல்தான் சிக்கல். கோட்டேகோலாவுக்கு மேலே மலை சரிந்து பாதை முழுவதும் ஆற்றில் கிடக்கிறது. வெறுங்கையோடு சரிவைத் தாண்டும் ஓரிரு பையன்கள் கடிதத்தை மட்டும் எடுத்துப் போகிறார்கள், சுமையோடு மாட்டார்கள். தன்பீரே கழுதைகளைச் சுற்றுவழியில் ஓட்டுகிறான், போக நான்கு நாள் ஆகிறது. பெட்டிக்குள் வைக்கிற பனிக்கட்டி அவ்வளவு நாள் தாங்காது. ஊசி போடும் ஆள் சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "சார், எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். டாக்டர் ஜோஷி காட்மாண்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

நானே கொண்டுவருகிறேன். சரிவைக் கடக்க எனக்குத் தெரியும்.

தீ. பஸ்நேத்


லேக்காடா
அசார் 14

மேஜர் சாப்,

ஓடத் தெரிந்த ஒருவனைப் பிடித்துச் சரிவின் விளிம்போரமாக இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். இது கைக்குக் கிடைக்கும்போது நீங்கள் கிளம்பியிருந்தால் திரும்பிப் போங்கள்.

இங்கே வராதீர்கள்.

உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து எழுதுகிறேன். சண்டையின் ஏழாம் வருஷம் பட்டாளம் இந்த ஊருக்கு வந்தது. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண் அணைத்துக்கொண்டிருந்த என் புருஷன் ஹர்க்கேயைக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் நின்ற பிம்கலி அக்காவின் மகன் லோக்மானைக் கூட்டிப் போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். ஹர்க்கேயின் உடம்பு ஆற்றில் கிடைத்தது, நான் எரித்துவிட்டேன். லோக்மான் கிடைக்கவே இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தான்.

ஹர்க்கே போன பிறகு நான் கட்சிக்குப் போனேன். உங்கள் நாலு வரிக்கு என் பதில் அதுதான். ஒரு டாக்டர் எங்களுக்கு ஆறு வாரம் பாடம் நடத்தினார். முதலில் செத்த ஆட்டைத் தைத்தோம், பிறகு உயிருள்ள ஆட்டை, பிறகு மனிதர்களை. குண்டு எடுத்திருக்கிறேன். கால் எடுத்திருக்கிறேன், ரம்பத்தால். பிரசவம் எத்தனை பார்த்தேன் என்று நினைவில்லை. சண்டை முடிந்ததும் அதற்குச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஊர்த் தொண்டர்.

மேல்வாடியில் ஒரு பெண் குழந்தை நேற்று இறந்துவிட்டது. பெயர் ஜுனேலி. மூச்சு முட்டித்தான் போனது. என்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தேன்.

இந்த ஊர்ப் பெண்கள் பட்டாளத்துக்காரன் முன்னால் பிள்ளையின் கையை நீட்டமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள், அல்லது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார்கள். அப்போது நோய் காட்டில் மந்தை கட்டும் கொட்டகைகளுக்கெல்லாம் பரவும். வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள்.

மன்சரா


தல்லோபஜார்
அசார் 17

மன்சரா அவர்களுக்கு,

உங்கள் ஆள் வரும்முன் நான் கிளம்பியிருந்தேன். சரிவு வரை போனேன். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மூன்றுமுறை இறங்கப் பார்த்தேன். என் வயதில் கால் சொல்வதைக் கேட்பதில்லை. கல் உருண்டுகொண்டே இருந்தது. ஒதுங்கி நின்று மழை விடக் காத்திருந்ததில் பனிக்கட்டி உருகிப்போனது. ஒரு பெட்டித் தடுப்பூசி முழுதும் வீண். அதைக் கீழே கொண்டுவந்து குழியில் கொட்டினேன். இந்த ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

திரும்பி வரும் வழியில்தான் உங்கள் கடிதம் கிடைத்தது.

வேறு கை இல்லை, தங்கச்சி. இருந்தால் அனுப்பமாட்டேனா? இரண்டு நாளாக இந்த பஜாரில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். பள்ளி ஆசிரியர்களைக் கேட்டேன், போலீஸ்காரர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் சரிவு பயம்.

லேக்காடாவுக்குப் பட்டாளம் வந்த வருடம் நான் லெபனானில் அமைதிப்படையில் இருந்தேன். அது ஒரு பதில்தானா என்று எனக்கே தெரியவில்லை. அதே வருடம் என் தம்பி காவல்நிலையத் தாக்குதலில் இறந்தான். சாதாரண கான்ஸ்டபிள். சுட்டது உங்கள் ஆட்கள். அன்று அவர்களில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டது நீங்களாகவும் இருக்கலாம். இதை எழுதாமல் இருக்க நினைத்தேன். முடியவில்லை.

இப்போது நான் கேட்பது இதுதான். அடுத்த பெட்டிகள் அசார் 22 அன்று வருகின்றன. சரிவின் இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். அந்தப் பக்கத்துப் பாறையில் கயிற்றைக் கட்ட ஆள் வேண்டும். கயிறு இழுவையில் பெட்டி போய்ச் சேரும், மனிதன் போகத் தேவையில்லை.

ஊசி போடத் தெரிந்த ஆள் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. விதிப்படி கேட்கக் கூடாது.

தீ. பஸ்நேத்


லேக்காடா
அசார் 19

மேஜர் சாப்,

என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். எனக்கு அண்ணன்கள் இருந்தார்கள்.

உங்கள் தம்பி எந்தக் காவல்நிலையத்தில் இருந்தான் என்று எனக்கு எழுதிவிடாதீர்கள். கடிதம் வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிய வேண்டாம். தெரிந்தால் பிறகு உங்களுக்கு எழுத முடியாது. பெட்டி வந்து சேரும் வரையாவது எழுத முடிய வேண்டும்.

ஊரைக் கூட்டினேன். எதையும் மறைக்கவில்லை. கொண்டுவருகிறவர் யார், முன்பு என்ன வேலை பார்த்தார், எல்லாம் சொன்னேன். சொல்லாமல் ஊசி போட்டுவிட்டு நாளைக்குத் தெரியவந்தால் இந்த ஊர் யாரையும் நம்பாது, என்னையும்தான்.

ஒரே கூச்சல். ஒருத்தி, "அவன் கைபட்ட மருந்து என் புள்ள ஒடம்புல போகணுமா? என்ன கலந்து வெச்சிருக்கானோ!" என்றாள். ஜுனேலியின் அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "எம்புள்ள கலப்படம் இல்லாமத்தான்டி செத்துச்சு" என்றாள். அப்புறம் ஆண்கள் பேசினார்கள். கயிறு யாருடையது, அறுந்தால் யார் பொறுப்பு என்று வழக்கம்போல.

கடைசியில் பேசியது பிம்கலி அக்கா. அவள் மகள் வயிற்றுப் பேத்திக்கு இன்னும் நோய் வரவில்லை, ஆனால் அந்தக் குழந்தை படுப்பது நோய் வந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொட்டி வரட்டும். அவன் வரக்கூடாது. அந்தப் பக்கத்துலயே நிக்கச் சொல்லு."

இதுதான் ஊர் முடிவு. பெட்டி வரலாம், நீங்கள் வரக்கூடாது.

22ஆம் தேதி நால்வருடன் அந்தப் பாறையில் இருப்பேன். கயிறு கட்ட எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். உங்களிடமிருந்து தப்பி ஓடிய வருஷங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

ஊசி போடத் தெரிந்த ஆள் இருக்கிறாள்.

மன்சரா


தல்லோபஜார்
அசார் 25

மன்சரா அவர்களுக்கு,

நலம்தானே? பெட்டிகள் வீடு போய்ச் சேர்ந்தனவா? உள்ளே வெப்பமானி என்ன காட்டியது? எத்தனை தாய்மார் வந்தார்கள்? மூன்று நாளாக அலுவலக வாசலுக்கும் பஜார் முக்குக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். டீக்கடைக்காரன் கேட்கிறான், "சாப், யாருக்காச்சும் பிரசவமா?"

ஆற்றின் இரைச்சலில் அங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையசைத்துத்தான் பேசினோம். நான் காட்டியதெல்லாம் பட்டாளத்துச் சைகை. நிறுத்து, இறுக்கு, மெல்ல விடு. பழக்கத்தில் வந்துவிட்டது, பிறகுதான் உறைத்தது. நீங்கள் தயங்காமல் அதே சைகையில் பதில் காட்டினீர்கள். உங்களுக்கு அது எங்கே கிடைத்தது என்று கேட்கமாட்டேன். இரண்டாவது பெட்டி நடுவழியில் சிக்கிக்கொண்டு ஆடியபோது என் பக்கத்தில் கயிறு பிடித்திருந்தவன் சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டான்.

ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் ஆட்களில் ஒரு பெண் சரிவின் விளிம்புக்கே வந்து நின்றார். பச்சைச் சால்வை. என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்தும் நகராமல் திரும்பத் திரும்பக் கத்தினார். திட்டினாரா? என்ன சொன்னார்? நான் கும்பிட்டேன். கும்பிட்டது சரியா என்றும் தெரியவில்லை.

அலுவலகச் செய்தி: டாக்டர் ஜோஷி திரும்பிவிட்டார். மேலே ஊசி போட்டது யார் என்று கேட்டார். சொன்னேன். "ஒரு சரக்குக்காரன் முடிவெடுக்கறான், ஒரு தொண்டர் ஊசி போடறா, அப்ப நான் எதுக்கு இங்க?" என்று கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமல் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். காட்மாண்டுக்கு நான் முழு விவரமும் எழுதிவிட்டேன், அனுப்பியது நான் என்று. அதோடு என் நாலு வரியையும் மாற்றிக் கொடுத்தேன், படைவீரன் என்று. உங்களுடையதை நீங்கள் சொல்லாமல் எழுதமாட்டேன்.

தீர்க்கராஜ்


லேக்காடா
சாவன் 1

மேஜர் சாப்,

தாமதத்துக்குக் காரணம், உட்கார நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டேன். முதல் நாள் பாதி ஊர்தான் வந்தது. மறுநாள் மீதியும் வந்தது. மேல்வாடியில் இரண்டு வீடு கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. தினமும் போய்த் தட்டுகிறேன். இன்னொரு பிள்ளை, ஏற்கெனவே படுத்திருந்தவன், போய்விட்டான். மற்றவர்கள் தேறுகிறார்கள். நான்கு நாளாகப் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

என் வரிகளை எழுதிக்கொள்ளுங்கள், ஜோஷி டாக்டருக்கும் காட்டுங்கள். "போரில் கட்சியின் மருத்துவப் பிரிவில் இருந்தேன். சான்றிதழ் இல்லை." இரண்டு வரி போதும். வேலையை விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும். ஆனால் சளிக்கு மருந்து அனுப்புவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பச்சைச் சால்வை பிம்கலி அக்கா. உங்களைத் திட்டவில்லை. "எம்மவன எங்கடா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பட்டாளத்துக்காரன் யாரைப் பார்த்தாலும் அவள் அதைத்தான் கேட்பாள். ஒருமுறை பஜாருக்குப் போனபோது ஒரு கடை வாயில்காவலாளியின் காக்கிச் சட்டையைப் பார்த்து அவனிடமும் கேட்டிருக்கிறாள். நீங்கள் கும்பிட்டதை வைத்து உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். தெரியாதவன் ஏன் கும்பிடுவான் என்கிறாள்.

பேத்தியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போடும்போது என்னிடம் சொன்னாள்: "அந்த ஆளு கொடுத்ததை நான் வாங்கிட்டேன்ல. இப்ப நான் கேக்கறதை அந்த ஆளு தரணும். எழுது."

எழுதிவிட்டேன். உங்களால் முடியாதென்றால் முடியாதென்று ஒரு வரி போடுங்கள். இழுக்காதீர்கள். அவள் தினமும் தன்பீரேயின் கழுதைகளின் மணிச்சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

மன்சரா


தல்லோபஜார்
சாவன் 21

மன்சரா அவர்களுக்கு,

லேக்காடாவுக்கு வந்த பிரிவு எது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. விடுப்பு எடுத்துக்கொண்டு கீழே சமவெளிக்குப் போனேன். என்னோடு பயிற்சி எடுத்தவன் ஒருவன் இப்போது கர்னல். டீ வாங்கிக் கொடுத்தான், குடும்பத்தை விசாரித்தான். நான் விஷயத்தைச் சொன்னதும், "தீர்க்கே, நீ இப்ப மருந்து விக்கற ஆளு. மருந்த வித்துட்டுப் போ" என்றான். இருபத்திரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அன்று பேருந்தில் திரும்பி வர மனமில்லாமல் சாலையில் வெகுதூரம் நடந்தேன். விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. எந்த முகாமிலும் எல்லோரையும் பார்ப்பவன் சமையற்காரன். அந்தப் பிரிவின் சமையற்கட்டில் இருந்த ஹவில்தார் ஒருவர் ஓய்வு பெற்று நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். பெயர் எழுதவில்லை, அவர் கேட்டுக்கொண்டபடி. முதல் நாள் என்னைத் தெரியாது என்றார். இரண்டாம் நாள் கடையைச் சாத்திவிட்டுப் பேசினார்.

லோக்மான் முகாமில் இரண்டு நாள் இருந்திருக்கிறான். மூன்றாம் நாள் காலை கூட்டிப் போனவர்கள் அவன் இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். இடம், சமவெளி இறக்கத்தில் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள சால் மரக்காடு. ஹவில்தார் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த இடத்தில் இப்போது மாடு மேய்கிறது. அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். காணாமல்போனவர்களுக்காக வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடமும் சொல்லியிருக்கிறேன். முறைப்படி தோண்டுவதற்கு நாளாகும்.

விடுப்பில் எங்கே போனேன் என்று காட்மாண்டு கேட்கிறது. திட்டத்தின் நடுநிலைமைக்குப் பங்கமாம். மாத முடிவில் என் வேலை இருக்குமா தெரியாது. உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. ஜோஷியே உங்களைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறார், திட்டிக்கொண்டே.

பிம்கலி அம்மாவிடம் நான் வந்து சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா? எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. சரிவில் கால் வைக்க இப்போது வழி வெட்டிவிட்டார்கள்.

தீர்க்கராஜ்


லேக்காடா
சாவன் 27

மேஜர் சாப்,

நானே சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு மூன்றுமுறை போய் மூன்றுமுறை திரும்பினேன். நாலாம் முறை அவளே, "எதுக்குடி நாய் மாதிரி சுத்தி சுத்தி வர்ற? உள்ள வந்து சொல்லு" என்றாள்.

சொன்னேன். அழவில்லை. மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. கூடை நிறைந்த பிறகு எழுந்து கைகழுவினாள். வளையலைக் கழற்றவா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்சநேரம் கையையே பார்த்தாள். மகனுக்காக வளையல் கழற்றுவதில்லை, அவளுக்கும் தெரியும்.

பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். யார் சுட்டது என்று கேட்பாள் என நினைத்தேன், கேட்கவில்லை. "அங்க இருந்த நாள்ல அவன் சாப்ட்டானா? சமையக்காரன்னு எழுதியிருக்காருல்ல, கேட்டுச் சொல்லச் சொல்லு."

இதை எப்படி உங்களிடம் கேட்பதென்று தெரியாமல் கேட்கிறேன். நீங்கள் திரும்பவும் அத்தனை தூரம் போக வேண்டும். ஆனால் அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போதைக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம். ஊர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வந்தால் உங்களை உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்சநாள் வேண்டும், தீர்க்கராஜ் அவர்களே.

மன்சரா


நெடுஞ்சாலையிலிருந்து
பதௌ 3

மன்சரா அவர்களுக்கு,

ஹவில்தாரின் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் எதிரே நிற்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது. நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. எவ்வளவு சொல்லலாம் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"முத நாள் ஒண்ணும் தொடல. ரெண்டாம் நாள் சாயங்காலம் நான்தான் ரொட்டியும் உருளக்கெழங்கும் கொண்டு போனேன். கை கட்டியிருந்துச்சு, நான்தான் அவுத்துவிட்டேன். உங்க வீடு எங்கடான்னேன். லேக்காடான்னான். எங்க அம்மா இதுல வெந்தயம் போடுவாங்கன்னு சொன்னான். பாதி சாப்ட்டான். மிச்சத்த மடிச்சு சட்டப் பையில வெச்சுக்கிட்டான். ஏன்டா, சாப்டுடான்னேன். காலைல பசிக்கும்னான்."

தீர்க்கராஜ்